எண்ணெய் தெரிந்த மத்தியானம்

கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் அந்த மேடையில் அவருக்குக் கல் பார்க்கிற வேலை. துளையிலிருந்து சேற்றோடு மேலே வரும் கல்பொடியைச் சல்லடையிலிருந்து அள்ளி, கழுவி, அடியில் எண்ணெய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் 'உண்டு' என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. போன இடமெல்லாம் வறட்சி. கூட இருப்பவர்கள் அவருக்குக் 'காஞ்ச கிணறு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவரும் சிரித்து வைப்பார். கோபித்துக்கொண்டு நீந்தியா வீட்டுக்குப் போக முடியும்?

அன்று காலை போனில் மனைவியின் குரலே வேறு மாதிரி இருந்தது.

"சாயங்காலம் பொண்ணு உங்களக் கூப்பிடுறேன்னிருக்கா. அவ கால்ல விழாத குறையா கெஞ்சியிருக்கேன். வீம்பு பண்ணாம பேசுங்க."

மகள் பேசி ரெண்டு வருஷமாகிறது. மாப்பிள்ளை பார்த்து, தேதியும் குறித்த பிறகு கடைசி ஆளாக அவருக்குச் சொன்னார்கள். கடலில் கிடப்பவனை யார் கலந்து பேசுவார்கள்? கோபம் தலைக்கேறிக் கல்யாணத்துக்கே போகவில்லை. எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து உள்ளூர அழுதுகொண்டிருக்கிறார்.

மத்தியானம் கல்பொடித் தட்டை, எண்ணெய்ப் பசை இருந்தால் மினுங்கவைக்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்தார். மஞ்சளாக மினுங்கியது. குழாய்க்குப் பூசும் கிரீஸாக இருக்கும் என்று மறுபடி கழுவினார். அப்போதும் மினுங்கியது. எண்ணெயைக் கரைக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டதும் வெளிச்சம் பால் போலக் கசிந்து பரவியது. எண்ணெயேதான்!

தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிதான் சந்தோஷம். விஷயத்தைச் சொன்ன மறு நிமிடம் மேடையில் அத்தனை போனையும் மூடிவிடுவார்கள். போட்டிக் கம்பெனி மோப்பம் பிடித்துவிடக் கூடாதாம். சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? அவர் பார்த்தது யாருக்குத் தெரியும்? ஆனால் துளைக்கிற இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எண்ணெய்க்கு மேலே வாயு முட்டிக்கொண்டு நிற்கலாம். தெரியாமல் குத்தினால் மேடையோடு எல்லோரும் போய்ச் சேர வேண்டியதுதான். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

"காஞ்ச கிணறு நனைஞ்சிடுச்சுடா!" என்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவர் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பொழுது சாய்ந்தது. இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவில், பேச நாதியில்லாமல், உயிரில்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்துப் போனைத் திறந்துவிட்டார்கள். அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார்: "மூடி வச்சிருந்தோம்னுகூட வீட்ல மூச்சு விடக்கூடாது. அதுலயே எண்ணெய் கெடச்சதக் கண்டுபிடிச்சிருவாங்க."

முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு எத்தன தடவ கூப்பிட்டேன்பா! போன் போகவேயில்ல. பயந்துபோய் ஆபீஸ்ல கேட்டா, நல்லாத்தான இருக்காருன்னாங்க."

உண்மை தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"வேல இருந்துச்சும்மா" என்றார்.

 அவள் மெதுவாகச் சொன்னாள்:

"கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாரும் அப்பா எங்கன்னு கேட்டாங்க. வேலைன்னு நான்தான் பொய் சொன்னேன். அதையே எங்கிட்டயும் சொல்றீங்களேப்பா."

"இல்லம்மா, இது நெசமாவே..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.