சட்டைப் பையில் இருந்த குழாய்

மச்சானின் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. புற்றுநோய் எங்காவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதன் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே ரத்தம் காட்டிக் கொடுத்துவிடலாம். அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவன் நான். இருபத்திரண்டு வருட அனுபவம். நான் குத்தினால் குழந்தைகூட அழாது என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டவன்.

"நீங்க எதுக்கு அலையறீங்க, நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று வீரம் பேசினேன். ரத்தத்தை நாள்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் தனிக் குழாய் தீர்ந்திருந்தது. நேரே லேபுக்குத்தானே திரும்பப் போகிறோம் என்று சாதாரணக் குழாயோடு கிளம்பினேன்.

திரும்பவில்லை. அக்கா டீ போட்டாள். மச்சான், "கொசுவுக்கு அடுத்தபடியா என் ரத்தத்த அதிகம் குடிச்சவன் நீதான் மாப்ளே" என்றார்.

நான் விடுவேனா? "கொசு கடிச்சா அரிக்கும் மச்சான். நான் கடிச்சா ரிப்போர்ட் வரும்."

தழும்பைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேடை கிடைத்தால் இறங்கத் தெரியாத ஜென்மம் நான். ஏழு மணி நேரம் அவர் ரத்தம் நிரம்பிய குழாய் என் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் கிடந்தது. அப்படிக் கிடந்தால் வெள்ளணுக்கள் உடையும். அவற்றின் துணுக்குகள் வெள்ளமாய்க் கலந்து, தேடுகிற துணுக்கு மூழ்கிப்போகும். இதைப் புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பெடுப்பவனும் நான்தான்.

நாலாம் நாள் சீட்டு வந்தது: 'மாதிரி தகுதியில்லை. மறுபடி எடுக்கவும்.'

அன்று மாலையே மச்சான் போன் செய்தார். "என்ன மாப்ளே, தேறுவேனா?"

பின்னால் அக்கா பெட்டி அடுக்கும் சத்தம். முடிவு நல்லபடியாக வந்தால் மகள் வீட்டுக்குப் போவதாகத் திட்டம்.

"எல்லாம் நல்லாயிருக்கு, போயிட்டு வாங்க" என்றது என் வாய்.

வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். திரும்பி வந்தவருக்கு எடை கூடியிருந்தது. எனக்குத் தைரியம் குறைந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து, தவணைப்படி சரியான குழாயில் எடுத்த ரத்தத்தில் துணுக்குகள் இருந்தன. ஸ்கேனில் மறுபக்க நுரையீரலில் ஒரு புள்ளி. மறுநாள் டாக்டர் ஃபைலைப் புரட்டினால் பழைய சீட்டும் கண்ணில் படும். மனசாட்சி உறுத்தி ஓடினேன் என்று சொன்னால் பெரிய மனுஷனாகிவிடுவேன். பயத்தில்தான் மச்சான் வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். புது முடிவையும் பழைய பொய்யையும் மச்சானிடம் சேர்த்தே சொன்னேன்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"அப்பவே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம்."

"ஆரம்பிச்சிருந்தா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். "தெரியல மச்சான்."

அவர் திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். "நீ சொன்னா, வேடிக்கை பண்றேன்னு சிரிச்சிருவா."

குளியலறைக் கதவு திறந்தது. "எப்படா வந்தே?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அக்கா, என்னைப் பார்த்ததுமே சிரிக்கத் தயாரானாள்.