வாசலில் நிற்கும் கால்

தெருவில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். பட்டாளத்தில் கடைசிவரை வெறும் சிப்பாய்தான். பதவி உயர்வு தெரு இனாமாகக் கொடுத்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கண்ணிவெடியோடு போயிற்று. இப்போது மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றுகிறார். கம்பி சுற்றிச் சுற்றி விரல்கள் இடுக்கியாகிவிட்டன.

வீட்டில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பொய்க்காலைக் கழற்றி வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். "சண்டையெல்லாம் வெளியிலேயே கிடக்கட்டும்" என்று, ஊர் திரும்பிய அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டார். உள்ளே கையூன்றித் தவழ்வதுதான். பேத்திக்கு அது கொண்டாட்டம். தன் உயரத்துக்கே ஒரு தாத்தா கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? இருவரும் மல்யுத்தம் போடுவார்கள். அவள் உள்ளங்கையால் தரையைத் தட்டினால் தாத்தா பிடியை விட்டுவிட்டுச் செத்துப்போக வேண்டும். பிறகு அவள் மூக்கைத் திருகினால்தான் உயிர் வரும்.

மகள் கிழிந்த உதட்டோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சில மாதங்கள் ஆகின்றன. கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளை வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்றார்கள். கடிக்கத் தெரியாதுதான். அடிக்கத் தெரிந்திருந்தது, பாவி.

"மாப்பிள்ளை வந்தா நீங்க கை வைக்கக் கூடாதுங்க. குழந்தை பார்க்கும்" என்றாள் மனைவி.

"வைக்க மாட்டேன்." அவருக்கும் வேறெதுவும் பயமில்லை, தன் கையைத் தவிர.

ஒரு விடுமுறை நாள் காலையில் மாப்பிள்ளை வந்தான். தாத்தாவும் பேத்தியும் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க."

"உட்கார வரல மாமா. அவளக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

சொன்ன கையோடு மகளின் முடியைப் பிடித்து இழுத்தான். தடுத்த மாமியாரைத் தள்ளியதில் அவள் நெற்றி சுவரில் மோதியது. கேப்டன் தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு, "விட்டுடுங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சினார். அவன் உதறிவிட்டு, வாசலில் நின்ற பொய்க்காலை எடுத்தான்.

"உங்க காலாலேயே உங்களுக்கு உதை, மாமா!"

முதல் அடியில் புருவம் பிளந்தது. அடுத்ததில் பல் தெறித்துப் பட்டாணியோடு விழுந்தது. மறுபடி ஓங்கியபோது கேப்டன் அவன் கணுக்காலை வாரினார். கால் இல்லாத ஆளை அடிப்பது சுலபம் என்று நினைத்தவன், தரை யாருடைய ராஜ்யம் என்பதை யோசிக்கவில்லை. மல்லாந்து விழுந்தவனின் மார்பில் ஏறிக் கழுத்தைப் பிடித்தார் அவர்.

அவன் முகம் கறுத்தது. குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன. "அப்பா, போதும்ப்பா!" என்று மகள் அலறியது அவருக்குக் கேட்கவில்லை. முன்பொரு நாள் ஒரு பதுங்குகுழியில் இதே மாதிரி ஒரு கழுத்து. துடிப்பு அடங்கியபின்னும் கொஞ்சம் பிடித்திருக்க வேண்டும் என்று அங்கேதான் கற்றார். துடிப்பு அடங்கிக்கொண்டிருந்தது.

தரையில் ஒரு சின்ன உள்ளங்கை தட்டும் சத்தம் கேட்டது.

விரல்கள் தாமாக விரிந்தன. உடம்பு பழகியபடி பக்கத்தில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை இருமி இருமி, தவழ்ந்தே வாசலைத் தாண்டினான். பிறகு செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினான். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

கேப்டன் அப்படியே கிடந்தார். ரத்தம் காதுக்குள் இறங்கியது. மூக்கை யாரும் திருகவில்லை.

"கண்ணு, தாத்தா செத்துட்டேன் பாரு" என்றார்.

கண்ணைத் திறந்தார். பேத்தி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டியிருந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை; கைகளைத்தான் பார்த்தாள். அவர் அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தாத்தா, கால எடுத்துக்கிட்டு வெளிய போ" என்றாள் குழந்தை.

சட்டம் அவர் போட்டதுதானே? நடுவீட்டில் கிடந்த பொய்க்காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தார். செருப்புகளுக்குப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.