பிளாட்பாரத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்

என் கணவர் குலசேகரம் டிக்கெட் கொடுத்த ஸ்டேஷன் லண்டனிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். ஹேசல்போர்ட் என்று பெயர். 1867இல் திறந்தார்களாம், ஒரு காலத்தில் ஊர்ப் பால் முழுக்க அங்கிருந்துதான் லண்டனுக்கு ஏறியதாம். இந்த வரலாற்றை அவரே எழுதி வெயிட்டிங் ரூம் சுவரில் ஒட்டியிருந்தார். வாசிக்கத்தான் ஆள் இல்லை. 1993இல் மிஞ்சியது மணிக்கு ஒரு ரயில், ஒரு டிக்கெட் யன்னல், அதற்குப் பின்னால் இவர்.

அந்த வருடம் மேலிடத்துக் கடிதம் வந்தது. ஒரு சனிக்கிழமை ஆள் வந்து எண்ணுவாராம். நூறு பேர் தேறாவிட்டால் ஸ்டேஷனுக்குப் பூட்டு. இவருக்கு ஐம்பத்தைந்து வயது, இனி யார் வேலை கொடுப்பார்கள்?

"இஞ்சாருங்கோ, நீங்கள் பேசாமல் இருங்கோ. சனத்தை நான் கொண்டுவாறன்" என்றேன்.

எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். லண்டன் லூயிஷாம் கோயிலில் கண்டவர்களை எல்லாம் அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். "காரில வந்தால் சோறு இல்லை, றெயினிலதான் வரவேணும்" என்றும் சொல்லிவைத்தேன்.

அறுபது பேர் வந்து இறங்கினார்கள். பிளாட்பார வாசலில் ஒரு வெள்ளைக்காரர் நின்று, கடந்துபோன ஒவ்வொரு தலைக்கும் கையிலிருந்த கருவியை அமுக்கினார். வந்தது அறுபது, திரும்புவது அறுபது. அத்தோடு நின்றிருந்தால் தப்பியிருப்போம்.

எங்கள் சனம் நிற்குமா? இரண்டு மணி ரயிலுக்கு மச்சாள் சிவமலர் வெளிக்கிட்டாள். ஒருத்தி போக, வழியனுப்ப மிச்ச ஐம்பத்தொன்பது பேரும் பிளாட்பாரத்துக்கு வந்தார்கள். போறன், வாறன் என்று கதைத்ததில் ரயில் போய்விட்டது. எல்லோரும் திரும்பி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி வழியனுப்பப் போனார்கள். அதில் இருபத்துநாலு பேர் ஏற, மிச்ச முப்பத்தாறு பேரும் திரும்பி வந்து நாலு மணிக்குத்தான் ஒருவழியாக ஏறினார்கள். மனுஷன் அமுக்கி அமுக்கிக் களைத்துப்போனார். கடைசிக் கணக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு. நான் பாயாசம் காய்ச்சினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. இவர் சத்தமாக வாசித்தார். ஸ்டேஷன் மூடப்படாது. இவ்வளவு கூட்டத்தை ஒரு யன்னலும் ஒரு ஆளும் சமாளிக்க ஏலாது என்பதால், இரண்டு டிக்கெட் மெசின்கள் வரும். யன்னல் மூடப்படும், அந்தப் பதவியும் இனி இல்லை.

"ஸ்டேஷன் தப்பிட்டுது" என்றார். என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

எந்த ஊருக்கு எந்த டிக்கெட் என்று மெசின் பொருத்த வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, இவரை இரண்டு கிழமை கூட வைத்திருந்தார்கள். ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாள் சாப்பாடு கொண்டுபோன எனக்கு அந்த மெசினைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி ஒரு உதை விட்டேன். கால் விரல் நொந்து அப்படியே குந்திவிட்டேன்.

இவர் டிக்கெட் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். மெசினுக்கு ஏதும் ஆயிற்றா என்று பார்த்தார்.