ஒரே கவரில் இரண்டு மாத்திரை

பாறசாலையில் சுனில்குமாரின் மருந்துக் கடை திறந்த உடனே ஆள் சேர்ந்துவிடும். அன்று காலையும் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி வந்தார் ராஜையா. ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். சுனில்குமாருக்கு அவர் வெறும் வாடிக்கையாளர் மட்டுமல்ல, அண்ணன் மாதிரி.

“எலே சுனிலே, நடுவு ஒடிஞ்சு போச்சு மக்கா. ஷீட்டுக் கட்டு தூக்கினதாக்கும். போன தடவ தந்த வலி மாத்திர இன்னொரு அட்ட தா. பின்ன, நெஞ்சுக்குத் திங்கிய மாத்திரையும் தீந்து போச்சு.”

“ஒரு தடவ டாக்டரக் காட்டப்பிடாதா அண்ணே?”

“காட்டினா சும்மா விடுவினுமா? ஸ்கேன் எடு, ரத்தம் குடு, இசிஜி பாருன்னு அன்னைக்கு யாவாரமும் போவும், கையில உள்ளதும் போவும். நீ தாறதே போதும்.”

ராஜையாவின் இதயம் தாளம் தப்பித் துடிப்பது. அப்படித் துடிக்கும் இதயத்தில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்கத்தான் டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதியிருந்தார். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம் என்பது மருந்து படித்த சுனில்குமாருக்குத் தெரியும். ‘கொஞ்ச நாளைக்குத்தானே, நான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் வாங்குவார்’ என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார் ராஜையா. முகம் வெளுத்திருந்தது.

“தலசுத்துது மக்கா. ரெண்டு நாளா வெளிக்கும் கறுப்பா போவுது. வயித்துக்கு என்னமாம்…”

பேச்சு முடியவில்லை. கடைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வாயிலிருந்து குபுக்கென்று வந்தது ரத்தம். கண்ணாடியில் வழிந்து, சுனில்குமாரின் சட்டையில் தெறித்து, தரையில் பரவியது. பின்னால் நின்ற பெண் வீறிட்டாள். யாரோ உலுக்கிய பிறகுதான் சுனில்குமார் அவரைத் தாங்கிப் பிடித்து, காரில் ஏற்றி, நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்த ராஜையாவின் மனைவி சரோஜத்தின் கழுத்தில் மறுநாள் சங்கிலி இல்லை. அதற்கடுத்த நாள் கையில் வளையலும் இல்லை. டெஸ்ட் செலவுக்குப் பயந்து டாக்டரிடம் போகாதவருடைய குடும்பம், அதைப்போலப் பல மடங்கை ஒரே வாரத்தில் கட்டியது.

ராஜையா பிழைத்துக்கொண்டார். சாதாரண அறைக்கு மாற்றியதும் சுனில்குமார் பார்க்கப் போனான். சரோஜம் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, நீ மட்டும் இல்லேன்னா அவரு இன்னைக்கு இல்ல. கர்த்தர் உன்ன நல்லா வைப்பாரு.”

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“ஒண்ணு கேக்கட்டா? புண் ஆறினதும் அந்த நெஞ்சு மாத்திரைய திரும்பத் தொடங்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. ரத்தத்தத் தண்ணியாக்கிக் கொல்லப் பாத்த மாத்திரையாக்கும் அது. இனி அது எனக்க வீட்டுக்குள்ள வராது. நீயும் குடுக்காத.”

சும்மா தலையாட்டிவிட்டால் போதும். அவன் செய்தது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மாத்திரையும் நின்றுபோனால் நாளை ராஜையா வாய் கோணி, கை விழுந்து கிடப்பாரே!

“அக்கா, அத நிறுத்தாதீங்க. தப்பு அந்த மாத்திரையில இல்ல. நான் குடுத்த வலி மாத்திரையாக்கும் இப்பிடி ஆக்கினது. ரெண்டையும் சேத்துத் திங்கப்பிடாது.”

சரோஜம் பிடித்திருந்த கையை விட்டாள்.

“அது உனக்கு அப்பமே தெரியுமா?”

“தெரியும்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவன் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால் பரவாயில்லை. கட்டிலிலிருந்து ராஜையாவின் குரல்தான் மெல்ல வந்தது.

“அவன மட்டும் சொல்லாத சரோஜம். வலி மாத்திர திங்கியத நானும் டாக்டருட்ட சொல்லல்ல. செலவு மிச்சம்னு நெனச்சேன்.”

சரோஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுனில்குமாரிடம் நிதானமாகச் சொன்னாள்:

“அந்த மாத்திரைய டாக்டர் சொன்னபடி தொடங்குவோம், தம்பி. நாங்களா எதையும் நிறுத்தவும் மாட்டோம், நாங்களா எதையும் திங்கவும் மாட்டோம். ஆனா நீ ஒண்ண ஓர்மையில வச்சுக்கோ. தெரியாதவன் குடுத்தா அது பிழை. தெரிஞ்சவன் வாய் தொறக்காமக் குடுத்தா அது மருந்தில்ல, விஷம்.”