முப்பது நாள் அசைவில்லை

இது நடந்த வருஷத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் கூட்டுறவு அச்சகத்தின் கணினிகள் லினக்ஸுக்கு மாறிய வருஷமா, அதற்கு அடுத்ததா என்று எவ்வளவு யோசித்தும் தெளியவில்லை. ரஜிலா சொல்லிக் கேட்டது கொஞ்சம், அவளுக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து நானே பார்த்தது கொஞ்சம். இரண்டுக்கும் நடுவிலிருந்த ஓட்டைகளை என்னையறியாமல் நான் அடைத்திருக்கக்கூடும். அந்த முப்பது நாள் மட்டும் பிசகில்லை. அது எழுத்தில் இருக்கிறது.

ரஜிலா கோழிக்கோட்டில் எங்கள் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்திவந்தவள். அந்த மழைக்காலத்தில் இடது கண்ணுக்குள் அழற்சி வந்தது. வெள்ளை வெளிச்சம் பட்டால் ஊசியால் குத்துவது போல வலிக்கும். ஜன்னலுக்குத் திரை போட்டாள், வெயிலில் குடை பிடித்தாள். கணினிகள் மாறியபோது அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். ஒரு பொத்தானைத் தட்டினால் திரை முழுவதும் கறுத்துவிடும், எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் தெரியும் என்றார்கள். அப்படியே கறுத்தது. அவள் நாள் முழுக்கப் பார்த்தாக வேண்டிய ‘திருத்து’ என்ற செயலி மட்டும் கறுக்கவில்லை.

திருத்தை எழுதியவன் ஹாஷிர். கட்டற்ற மென்பொருள் கூட்டத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். சனிக்கிழமைகளில் வந்து எங்கள் கணினிகளை இலவசமாகப் பார்த்துக்கொடுப்பான்.

“ஹாஷிரே, எல்லாம் கறுப்பாயிடுச்சு. ஒன்னோடது மட்டும் ஏண்டா கல்யாண வீட்டு டியூப்லைட் மாதிரி மூஞ்சில அடிக்குது?”

“அது பெட்டிக்குள்ள இருக்கு சேச்சி. இப்பல்லாம் ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பெட்டில பூட்டித்தான் குடுக்கறோம். வீட்டுக்கு என்ன கலர் அடிச்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அதான் பாதுகாப்பு.”

“கதவத் தட்டிக் கேக்கவாச்சும் கூடாதா?”

“கேக்கறதுக்கு ஒரு முறை வருது, அடுத்த பதிப்புல. நீங்க எங்க தளத்துல ஒரு புகார் எழுதிப் போட்டுருங்க. வாயால சொன்னா கணக்குல வராது.”

“எதிர்ல நிக்கிற உங்கிட்டதானே சொல்றேன். அது வராதா?”

“நான் மறந்துருவேன் சேச்சி. நம்பர் மறக்காது.”

எழுதினாள். எண் இருநூற்றுப் பதினான்கு. முதல் வரியிலேயே தன் கண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பதில்கள் வந்தன, நாற்பத்தொன்று. எந்தப் பதிப்பு என்று ஒருவர் கேட்டார், சொன்னாள். பெட்டிக்குள் இருப்பதற்கு வெளியிலிருக்கும் நிறம் தெரிவது சரியா தவறா என்று இருவர் பத்து நாள் மோதிக்கொண்டார்கள். தன் செயலி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதியவனின் உரிமை என்றார் இன்னொருவர். நாற்பத்தொன்றில் ஒன்றிலும் கண் என்ற சொல் இல்லை. கடைசியில் ஹாஷிர் எழுதினான்: ‘சோதனைப் பதிப்பை நிறுவிப் பார்த்துச் சொல்லவும்.’ பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு: தகவலுக்குக் காத்திருக்கிறோம்.

அதை நிறுவிப் பார்க்கவும் காத்திருக்கவும் அவளால் முடியவில்லை. வேலை குவிந்து கிடந்தது. திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு படித்தாள். வெண்மை மங்கியது, கூடவே எழுத்தும் மங்கியது.

அப்போதுதான் சாத்துவேட்டனின் விழா மலர் வந்தது. எங்கள் சங்கத்தின் முதல் தலைவர், எண்பது நிறைந்த விழா. அட்டையைத் திருப்பினால் முழுப் பக்கத்துக்கு அவர் படம், கீழே பெரிய எழுத்தில் பெயர் மட்டும். அந்தப் பெயரில் ஒரு துணைக்கால் விழுந்துபோயிருந்தது. மலையாளத்தில் சாத்து என்பது ஆள் பெயர், ஏட்டன் என்றால் அண்ணன். காலை எடுத்துவிட்டால் ‘சத்து’. செத்துப்போச்சு என்று அர்த்தம்.

ஆயிரம் பிரதி. விழா மேடையில்தான் தெரிந்தது. சாத்துவேட்டன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாராம். “கொஞ்சம் முந்திட்டீங்க. பரவால்ல, தேதி போடாம விட்டீங்களே” என்றாராம். கூட்டம் சிரித்தது. ரஜிலா பின்வரிசையில் எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை செயலாளர் பவித்ரன் மாஷ் கூப்பிட்டார். நல்ல மனுஷர், அதனால்தான் அவர் பேசுவதைக் கேட்க முடியவில்லை.

“அவரு சிரிச்சுட்டாரு மோளே. அவரு மகன் சிரிக்கல. கமிட்டி சுத்தமா சிரிக்கல.”

“தெரியும் மாஷே.”

“பதினெட்டு வருஷத்துல ஒரு தப்பு. நான் சொன்னேன், கேக்க மாட்டேங்கறாங்க. நீ லீவு போட்டுக் கண்ணப் பாரு. திரும்பி வந்து அந்தத் திரையில படிக்க முடிஞ்சா உன் நாற்காலி உனக்கு. இல்லேன்னா கீழ விற்பனைப் பிரிவு. சம்பளத்துல மாத்தமில்ல.”

“சம்பளத்தக் கேட்டேனா மாஷே?”

மாஷ் மேசையில் இருந்த ரப்பர் முத்திரையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே கண் சிவந்து வீங்கியது. ஐந்து வாரம், முதலில் மருத்துவமனையில், பிறகு திரைபோட்ட அறையில். கைபேசியைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பு. அவளும் தொடவில்லை. படுத்துக்கொண்டு தன் மூச்சைக் கேட்டபடி இருந்தாள். என்ன யோசித்தாய் என்று நான் பின்னாளில் கேட்டபோது, “ஒண்ணுமில்ல. எழுத்தெல்லாம் வந்துட்டுப் போச்சு” என்றாள்.

திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் எண் இருநூற்றுப் பதினான்கைத் திறந்தாள். அடியில் புதிதாக ஒரு பதில்:

‘முப்பது நாட்களாக இங்கே அசைவில்லை. சிக்கல் தீர்ந்ததாகக் கருதி மூடப்படுகிறது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி.’

மூடியது ஆள் இல்லை, இயந்திரம். அசையாத புகார்களைத் தேடிப் பிடித்து மூட ஹாஷிர் அமர்த்திவைத்த சின்ன நிரல். ஒருத்தி இருட்டில் பேசாமல் கிடந்ததை அது குணமாகிவிட்டாள் என்று படித்துக்கொண்டது.

ஹாஷிர் இரண்டு மேசை தள்ளித் தன் மடிக்கணினியோடு இருந்தான். எழுந்து அவனிடம் போனாள். கேட்கப் போனது வேறு, கண்ணில் பட்டது வேறு. அவன் திரையில் திருத்து திறந்திருந்தது. கன்னங்கரேலென்று.

“உன்னோடது மட்டும் எப்படிடா கறுப்பு?”

அவன் முகம் மாறியது. “அது... நான் எனக்கு மட்டும் ஒரு வரி போட்டு வெச்சிருக்கேன் சேச்சி. வீட்டுல கலர் வெச்சிருக்கற ஃபோல்டர மட்டும் பெட்டிக்குத் தொறந்து காட்டற மாதிரி.”

“எப்பலேந்து?”

“அது... ஒரு வருஷமா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அது சரியான முறை இல்ல சேச்சி. பெட்டியில ஓட்டை போடற வேல. எனக்குன்னா போயிட்டுப் போகுது. தப்பான வழிய இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு இது. சரியான முறை வர்றவரைக்கும்...”

அவள் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. மின்விசிறியின் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. ஹாஷிர்தான் பொறுக்க முடியாமல் எழுந்து அவள் மேசைக்கு வந்து, நின்றபடியே அந்த ஒரு வரியைத் தட்டினான். திருத்தை மூடித் திறந்தான். கறுப்பு.

“பாத்தீங்களா, இவ்வளவுதான்” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

“ஆமா. இவ்வளவுதான்.”

அவன் போனபின் ஒரு நாவலின் முதல் பதினாறு பக்கப் பாரத்தைத் திறந்தாள். வலி இல்லை. ஆனால் வரியின் இடப்பக்கம் புகை மூடினாற்போலிருந்தது. கால் இருக்கும் இடத்தில் கால் இருக்கிறதா இல்லையா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கு பக்கம் படித்தாள். அதே நான்கு பக்கத்தைத் தாளில் அச்செடுத்து வந்து என் மேசையில் வைத்தாள்.

“நீ ஒருக்கா பாரு.”

பார்த்தேன். அவள் விட்டவை ஆறு. ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தேன். எண்ணிக்கொண்டாள். பவித்ரன் மாஷின் அறைக்குப் போய் வாசலிலேயே நின்று சொன்னாள்:

“கீழ போறேன் மாஷே.”

ரஜிலா இப்போதும் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். இடது கண்ணில் நிழல் மட்டும் தெரியும். அது வெளிச்சத்தால் வந்ததா நோயால் வந்ததா என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாத்துவேட்டன் அதன்பிறகு இரண்டு வருஷம் இருந்தார். பவித்ரன் மாஷ் ஓய்வு பெற்று மகளோடு வடகரையில் இருக்கிறார். ஹாஷிர் ஜெர்மனியில் பெரிய வேலையில் இருக்கிறான். அடுத்த பதிப்பில் திருத்து தானாகவே கறுக்கத் தொடங்கியது. அறிவிப்பில் அதைச் ‘சில சிறு மேம்பாடுகள்’ என்று எழுதியிருந்தார்கள். ரஜிலாவின் நாற்காலியில் நான் இருக்கிறேன்.