மாடியில் இல்லாத ஏசி

என் ஓரகத்தி கார் வாங்கியதில் எனக்கு வயிற்றெரிச்சலே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதுவும் சாதாரணக் கார் இல்லை, மின்சாரக் கார். நானும் என் கணவரும் மாடியில், கொழுந்தனும் அவளும் கீழே. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர்.

காருக்கு சார்ஜர் பொருத்த வயரிங் திட்டம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தாள். ஒரு மின் ஒப்பந்தக்காரர் ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக நான் பார்க்கிற வேலையே அதுதான்.

"வெளியாளை நம்ப முடியலக்கா. நீங்க கணக்குப் போட்டா சரியா இருக்கும்," என்றாள். ஐஸ் வைக்கிறாளாம்.

டேப்பைப் பிடித்து அளந்தேன். மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம்வரை பதினாறு மீட்டர். தனி வயர், தனி பிரேக்கர், தனி எர்த். இதில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. குழந்தைகள் ஓடுகிற வீடு. வயரில் விளையாடும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

லோடு பட்டியலில்தான் புத்தி கெட்டது. எங்கள் இணைப்புக்கு அனுமதி பத்து கிலோவாட். கீழ்வீடு நான்கு, மாடி ஒன்றரை, சார்ஜர் மூன்றரை. கூட்டினால் ஒன்பது. அம்சமாக அடங்கிவிட்டது. அந்த ஒன்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே ஏசி, கரண்ட் அடுப்பு, துணி துவைக்கிற மெஷின் எல்லாம் அவளுக்கு. மிச்சமிருக்கும் கரண்டும் அவளுக்கேவா? மாடிக் கணக்கில் 'படுக்கையறை ஏசி, ஒன்றரை' என்று ஒரு வரி சேர்த்தேன். மொத்தம் பத்தரை ஆனது.

"அரை கிலோவாட் தாண்டுதும்மா. சார்ஜர் வைக்க முடியாது," என்றேன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

பட்டியலை அவள் படிக்கக்கூட இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினாள். கொழுந்தன்தான் விடவில்லை. "அரைதானே அண்ணி, கேட்டுப் பாக்குறேன்," என்று அதே தாளை மின்சார ஆபீசில் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆய்வாளர் நேரிலேயே வந்துவிட்டார். கீழே எல்லாவற்றையும் எண்ணிவிட்டு மாடிக்கு ஏறினார். ஓரகத்தியும் பின்னாலேயே வந்தாள். எங்கள் படுக்கையறைச் சுவரில் காலண்டர் மட்டும் தொங்கியது.

"ஏசி எங்கம்மா?"

நான் காலண்டரை நேராக்கினேன். ஓரகத்தி அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இதோ, ஊரைக் கூட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சர்வீசுக்குப் போயிருக்கு சார். ரெண்டு நாள்ல வந்துரும்," என்றாள்.

"அப்ப பத்தரை சரிதான். சார்ஜருக்கு அனுமதி கிடையாது," என்று அவர் பேனாவைத் திறந்தார்.

அவள் தலையாட்டினாள். என் மானத்தைக் காப்பாற்ற, ஆசை ஆசையாகக் கேட்ட சார்ஜரையே விட்டுவிட்டு நின்றாள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. கார்தான் அவளுக்கு என்றால் பெருந்தன்மையும் அவளுக்கா? ஆயுசுக்கும் நான் அவள் முன்னால் தலை குனிந்து நடக்கவா?

"எழுதாதீங்க சார். ஏசியே கிடையாது. நான்தான் வேணும்னே எழுதினேன். அடிச்சிருங்க."

ஆய்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்தார். மொத்தம் ஒன்பது என்று திருத்தி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்க்கா," என்றாள். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.