மிளகாய் இங்கே, இருமல் அங்கே

பூட்டுக்காரர் வீட்டில் கறி வறுவலுக்கு மிளகாய் வறுத்தால் எதிர்வீட்டில்தான் இருமல் கேட்கும். சட்டியின் மேல் குனிந்து கிளறுகிற அவருடைய மனைவிக்கு ஒரு தும்மல்கூட வராது. வாசனையும் அப்படித்தான். ஆட்டுக்கறி வேகத் தொடங்கியதும் அது ஜன்னல் வழியே இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருந்த ஃப்ரேம்காரரின் வீட்டுக்குள் போய்விடும். வழியில் எங்கும் நிற்காது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு நாலு வீடு தள்ளிப் பால் தீய்ந்தால் தெரியும். அந்த மூக்குக்கே இது அகப்படவில்லை. பருப்போ மீனோ செய்தால் வாசனை ஒழுங்காக வீட்டோடு இருக்கும். கறி வறுவல் மட்டும் இப்படி வீடு மாறிப் போனது. தெருக்காரர்கள் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு, குழாயில் தண்ணீர் மாலையில்தான் வரும் என்பதைப் போல இதையும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ள முடியாதவர் பூட்டுக்காரர் ஒருவர்தான்.

அவர் தொழில் அப்படி. யார் எதை யாரிடமிருந்து மறைக்கிறார்கள் என்பதைத்தான் காலை முதல் மாலை வரை அவர் கடையில் உட்கார்ந்து பார்க்கிறார். அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி மாற்றுச் சாவி கேட்பான். மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் அலமாரிக்குப் புதுப் பூட்டு கேட்பாள். இந்த விஷயம் அவருக்குத் தெரிய வந்ததே ஃப்ரேம்காரர் வாயால்தான். படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கிற அந்த மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கடை வழியே போகும்போது, "அண்ணே, நேத்து அண்ணி வறுவல் பிரமாதம்" என்று போகிற போக்கில் சொன்னார். முந்தின நாள் அதே வறுவலைப் பஞ்சை மெல்லுவது போல மென்று விழுங்கிவிட்டு, தனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் பூட்டுக்காரர். மனைவி யாருக்கும் தெரியாமல் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். விவரம் புரிந்த பிறகு, கிண்ணத்தில் கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. கிண்ணத்தைப் பிடுங்கி வைக்கலாம். அதோடு, 'அண்ணி' என்ற சொல்லும் அவருக்கு உறுத்த ஆரம்பித்தது.

சில வருடங்கள் இப்படியே ஓடின. முதலில் சமையலறை ஜன்னலின் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்தார். அப்புறம் சாவித்துவாரத்தை மெழுகால் அடைத்தார். கதவுக்குத் தன் கையாலேயே புதுப் பூட்டுப் போட்டு, மனைவி உள்ளே வறுக்கும்போது வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டார், எதிர்வீட்டில் இருமல் கேட்டது. ஒரு நாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுத் திடுதிப்பென்று வீட்டுக்கு வந்தபோது, ஃப்ரேம்காரர் காய்ந்த ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஜன்னலருகே கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தார். ரத்தம் தலைக்கேறியது. அன்றிலிருந்து மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாவித்துவாரம் வழியாக மனைவியைக் கவனிக்கத் தொடங்கினார். அவள் எப்போது ஜன்னல் பக்கம் திரும்புகிறாள், எப்போது சிரிக்கிறாள் என்று பார்த்தார். அவள் திரும்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது. குற்றம் இல்லாதவள் ஒரு தடவையாவது ஜன்னலைப் பார்த்திருப்பாள் என்று அவருக்குப் பட்டது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டுக்காரர் மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தார். எதிர்வீட்டுக்காரனோடு என்ன என்று சொல், இல்லாவிட்டால் உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு என்றார். அவள் அலமாரியைத் திறந்து புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். கறி வாங்கி வந்தாயிற்று, அது வீணாகக் கூடாது, நீங்களே வறுங்கள் என்றாள். தான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்றும், வாசனை வீட்டில் நின்றால் குற்றம் தன்னுடையது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னாள். வாசனை போனால் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பூட்டுக்காரர் அதுவரை அடுப்பைப் பற்றவைத்தவர் இல்லை. ஆனால் சட்டியை அடுப்பில் ஏற்றியதும் கை தானாக ஓடியது. இத்தனை வருடம் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து நின்றதில், அவள் வறுக்கிற முறை அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுதாகப் போட்டார். இஞ்சியும் பூண்டும் இடித்துப் போட்டு, பச்சை வாடை போகிறதா என்று மோந்து பார்க்க வழியில்லாததால் நிறத்தைப் பார்த்தார். கறியைப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், அது விடுகிற தண்ணீரிலேயே மூடி வேகவிட்டார். இன்னொரு சட்டியில் மிளகாயும் மிளகும் சோம்பும் வறுத்தார். சட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோனார், கண்கூடக் கரிக்கவில்லை. இப்போது அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று எதிர் ஜன்னலைப் பார்த்தார். பொடியைத் தூவிக் கிளறினார், பார்த்தார். தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிந்து, துண்டுகள் கறுப்பாகி ஓரம் முறுகுகிற வரைக்கும், ஒரு கண் சட்டியிலும் ஒரு கண் எதிர்வீட்டிலுமாக நின்றார். அவருடைய சமையலறையில் கழுவி வைத்த பாத்திரத்தின் ஈர வாடை மட்டும் இருந்தது. எதிர்வீட்டில் இருமல் தொடங்கியது. இருமல் படியிறங்கி, தெருவைக் கடந்து, இவர்கள் மாடிப்படியில் ஏறி வந்து கதவைத் தட்டியது.

ஃப்ரேம்காரரின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையில் வழக்கமான ரொட்டி. "அண்ணே, அண்ணி ஊருக்குப் போயிட்டாங்களா? இன்னிக்குக் கை வேறயா இருக்கு. மிளகு தூக்கல்" என்றார்.

கையைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறான் என்று பூட்டுக்காரர் கரண்டியை இறுக்கிப் பிடித்தார். அப்போது பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அவள் பேசினாள்.

"யாரை நினைச்சுக்கிட்டு வறுத்தீங்க?"

 எண்ணெய் காய்ந்ததிலிருந்து இறக்கி வைத்தது வரை, பெண்டாட்டியைக்கூட அவர் நினைக்கவில்லை. அந்த ஒரு மனிதனைத்தான் நினைத்திருந்தார். அவமானத்தில் அவர் காது சுட்டது.

"நானும் நினைச்சேங்க, இல்லேங்கல. ஒரே ஒரு தடவை. வெறும் ரொட்டியை வச்சுக்கிட்டு நிக்கிறாரேன்னு பாவமா இருந்துச்சு. மறந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளிய நின்னு நீங்கதான் மறக்க விடல" என்றாள்.

ஃப்ரேம்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வீட்டு வாசனைக்கு இவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, துணியை வைத்து அதன் காதுகளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வாசனை இருக்கிற இடத்தில் போய்ச் சாப்பிடலாம் என்று படியிறங்கினாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ஃப்ரேம்காரர் கதவைத் திறந்ததும் வறுவலின் வாசனை பூட்டுக்காரர் முகத்தில் அடித்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது, கூடவே அழுகையும் வந்தது. மிளகுக் காரம் என்று சொல்லிச் சமாளித்தார். உப்புப் போட மறந்திருந்தார். அதை அவள் கடைசி வரை சொல்லவில்லை.

பெட்டியிலிருந்த புடவைகள் அன்று மாலையே அலமாரிக்குத் திரும்பின. வாசனை திரும்பவில்லை. இப்போது கறி எடுக்கிற நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் சூடான சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்கிறார்கள். எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். எதிர்வீட்டில் மூன்று தட்டு போட்டிருக்கும். பூட்டுக்காரர் நடுவில்தான் உட்காருகிறார்.